பெடர் ரோடு ஏற்றம்

மும்பை மாநகரில் பிழைக்க வந்த நமக்கு ஓட்டம் புதிய காரியமல்ல. காலை எட்டு மணிக்கு சயான் நிலையத்தின் படிக்கட்டருகே நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பது விளங்கும். அது ரயிலின் கடிகாரத்துக்கும் முதலாளியின் கடிகாரத்துக்கும் ஓடுகிற ஓட்டம். ஆனால் ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையில் இதே நகரத்தில் வேறொரு ஓட்டம் நடைபெறுகிறது. அதன் பாதை வழியாக இம்மாதம் உங்களை அழைத்துச்செல்ல விரும்புகிறேன்.

மும்பை மாரத்தான் 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முழு ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். இந்த விநோதமான அளவு 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் உலகம் முழுவதற்கும் நிலைநிறுத்தப்பட்டது. பவுல் அப்போஸ்தலன் மாரத்தான் ஓட்டத்தைக் கண்டே எழுதினார் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அப்படியல்ல. கொரிந்துவுக்கு அருகே நடந்த விளையாட்டுகளில் ஓடப்பட்ட பிரதான ஓட்டம் ஏறக்குறைய 190 மீட்டர் மாத்திரமே. மாரத்தான் என்னும் பந்தயமே 1896இல்தான் பிறந்தது.

பரிசுக்காக ஓடுகிறவர்கள் சிலரே. 2020ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவைச் சேர்ந்த தெரரா ஹுரிசா இரவல் காலணியை அணிந்து ஓடி, 2 மணி 8 நிமிடம் 9 விநாடியில் முதலாவதாக வந்தார். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வேலையையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்கிறவர்கள். அவர்களில் அநேகருடைய நெஞ்சில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது: நான்கு மணி நேரம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சிலர் ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவுகளை ஆராய்ந்தபோது, நான்கு மணிக்குச் சற்று முன்பாக முடித்தவர்கள் திரளாகவும், சற்றுப் பின்பாக முடித்தவர்கள் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். 3:59க்கும் 4:01க்கும் சரீரத்தில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த எண் கால்களை இழுக்கிறது.

எனக்கு அறிமுகமான சகோதரர் ஒருவர் அப்படி இழுக்கப்பட்டவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே தாராவிக்கு வந்தவர். மஸ்ஜித் பந்தரில் ஒரு சரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறார். நாற்பது வயதில் சர்க்கரை வியாதி வரக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்ததினால் நடக்கத் தொடங்கி, பின்பு ஓடலானார். 2018இல் 4 மணி 23 நிமிடம். 2019இல் 4 மணி 9 நிமிடம். 2020ஆம் ஆண்டு ஓட்டத்துக்காக நான்கு மாதங்கள் அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்தார். ஆறு பேர் உறங்குகிற ஒரே அறையில் விளக்கைப் போடாமல், கைத்தடவலிலேயே காலணியை மாட்டிக்கொண்டு வெளியேறுவதே ஒரு பயிற்சி என்பார். நாய்களுக்குப் பயந்து கையில் ஒரு சிறு குச்சி. மாஹிம் வழியாக சிவாஜி பார்க், அங்கிருந்து வொர்லி கடற்கரை, மறுபடியும் வீடு. பகலெல்லாம் பிறருடைய கணக்கை எழுதுகிற மனிதர் தமக்கென்று வைத்திருந்த ஒரே கணக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. அந்த வேகம் குறையாமல் ஓடினால் நான்கு மணிக்குள் முடிக்கலாம்.

நீண்ட தூரப் பயிற்சிக்கு எல்லாரும் தெரிந்துகொள்வது ஞாயிற்றுக்கிழமையை. அவருக்கோ அது ஆராதனை நாள். சனிக்கிழமையில் கடை உண்டு. ஆகவே ஞாயிறு அதிகாலை இரண்டரைக்கே புறப்பட்டு, முப்பது கிலோமீட்டர் ஓடி முடித்து, குளித்து ஆராதனைக்கு வந்துவிடுவார். முழங்காற்படியிட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று கடைசி வரிசையில் ஓரமாக நிற்பார். இதைக்குறித்து முறுமுறுத்தவர்கள் உண்டு. அந்த முறுமுறுப்பை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. பத்தரை மணிக்கு வந்து சேர்கிறவர்களைக்குறித்து யாரும் முறுமுறுக்கக் காணோம்.

2020 ஜனவரி 19. விடியுமுன்னே, இப்போது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்றழைக்கப்படும் பழைய வி.டி. நிலையத்தின் முன் ஜனக்கூட்டம் புறப்பட்டது. மார்பில் குத்திய எண் அட்டையில் ஒரு சிறு மின்சில்லு இருக்கும். தொடக்கக் கோட்டிலுள்ள விரிப்பை அவரவர் மிதிக்கும்போதுதான் அவரவருக்கு நேரம் ஆரம்பமாகிறது. பின்னால் நிற்கிறவனுக்கு நஷ்டமில்லை. லோக்கல் வண்டியில் இந்த நியாயம் கிடையாது!

மெரைன் டிரைவில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே ஓடி, சௌபாத்தியைக் கடந்து, ஹாஜி அலி வழியாக வொர்லியை அடைகிறார்கள். அதன்பின் 2009இல் திறக்கப்பட்ட பாந்திரா-வொர்லி கடற்பாலம். 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் மற்ற நாட்களில் நடந்துபோகிறவனுக்கு அனுமதியில்லை. இருசக்கர வாகனத்துக்கும் இல்லை. சொந்தக் கார் இல்லாத நம்மவர்களில் அநேகர் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அந்த ஒரு காலையில் மாத்திரம் கால்நடையாய் வருகிறவனுக்கு அது திறக்கப்படுகிறது. அவர் பாலத்தின்மேல் இருக்கையில் கிழக்கு வெளுத்ததாம். இரும்புக் கம்பிகளின் ஊடாகக் காற்று பாடிற்று என்றும், அங்கே தாம் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டதாகவும் சொன்னார். பாதித் தூரம் 1 மணி 58 நிமிடம் 30 விநாடி. மாஹிமில் மனைவியும் பிள்ளைகளும் நின்றார்கள். மகன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துச் சிறிது தூரம் கூடவே ஓடினான். 35ஆம் கிலோமீட்டரில் 3 மணி 17 நிமிடம் 50 விநாடி. இலக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அங்கேதான் பெடர் ரோடு.

காரில் போகிறவர்களுக்கு இது ஏற்றமென்றே தோன்றாது. விடியுமுன் புத்துணர்ச்சியோடு ஒருமுறை கடந்த அதே சாலையில் திரும்பி வரும்போது, ஹாஜி அலியிலிருந்து ஜஸ்லோக் மருத்துவமனையை நோக்கித் தரை மெல்ல எழும்புகிறது. மனித சரீரம் ஈரலிலும் தசையிலும் சேமித்துவைக்கிற சர்க்கரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வரைக்குந்தான் தாங்கும். அதற்குப்பின் கொழுப்பையே எரிக்கவேண்டும். அது மெதுவாய் எரிகிற விறகு. ஓடுகிறவர்கள் இந்த இடத்தைச் ‘சுவர்’ என்கிறார்கள். மும்பையிலோ சுவர் நிற்கிற இடத்திலேயே மேடும் இருக்கிறது. வெயிலும் கடல் ஈரமும் அந்த வேளையில்தான் சேர்ந்து இறங்குகின்றன. வியர்வை உலர்ந்து முகத்தில் உப்பாய்ப் படிகிறது.

ஆனால் அதே சாலையின் இருபுறமும் அங்குள்ள குடும்பத்தார் நிற்கிறார்கள். மராத்தி, குஜராத்தி, மார்வாடி என்று பார்க்கவேண்டியதில்லை. தட்டுகளில் ஆரஞ்சுச் சுளை, உப்பு, கடலைமிட்டாய், வாழைப்பழம். வீட்டு வாசல்களில் காவலாளிகளாகவும் வேலைக்காரராகவும் மாத்திரம் நம் ஜனங்கள் நுழைந்திருக்கிற அந்தத் தெருவிலே, ஒரு வயதான அம்மையார் தம் கையால் ஆரஞ்சை உரித்து, “சலா பையா, தோடா ஹீ ஹை” என்று நம் சகோதரருடைய வாயில் வைத்தாராம். ஆண்டுகள் பல கடந்தும் இதைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறுகிறது.

அந்த ஒரு கிலோமீட்டர் 6 நிமிடம் 50 விநாடி எடுத்தது. கெம்ப்ஸ் கார்னர் மேம்பாலத்திலிருந்து இறங்கியபோது இழந்ததை மீட்க முயன்றார், தொடை இறுகிற்று. காலையில் குளிராயிருந்த மெரைன் டிரைவ் இப்போது நிழலற்ற நீண்ட வளைவு. சர்ச்கேட்டைத் தாண்டியபோதே கணக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது, கணக்கரல்லவா? முடிவுக்கோட்டில் 4 மணி 0 நிமிடம் 52 விநாடி.

ஐம்பத்திரண்டு விநாடிகள்! ஆரஞ்சுக்காக நிற்காமலிருந்தால் கிடைத்திருக்குமே என்று கடையில் ஒருவர் சொன்னார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலை ஆராதனைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். மறுநாள் வழக்கமான வண்டியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது கொள்ளைநோய் வந்தது. 2021இலும் 2022இலும் ஓட்டம் நடைபெறவில்லை. 2023 ஜனவரியில் மறுபடியும் நடந்தபோது அவர் நோயினால் பலவீனப்பட்டிருந்தார். 4 மணி 14 நிமிடம். வயது ஏறுகிறது, கால்கள் குறைகின்றன. ஆயினும் மூன்றரை மணிக்கு எழும்புவதை அவர் விடவில்லை. அந்த எண் எட்டாமலே போனால் என்ன செய்வீர் என்று ஒருமுறை கேட்டேன். “ஐயா, அந்த நேரம் ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது” என்றார்.

நீங்கள் ஓடவேண்டியதில்லை. வருகிற ஜனவரியில், பாதை சில ஆண்டுகளில் மாறுவதுண்டாகையால் முன்னதாகவே செய்தித்தாளில் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு அருகான ஏதாவதொரு ஏற்றத்தில் பிள்ளைகளோடு எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். ஆரஞ்சுகளை வீட்டிலேயே உரித்துக்கொண்டு போவது நல்லது. ஓடுகிறவருக்கு உரிக்க நேரமிராது. கொஞ்சம் உப்பும் எடுத்துச்செல்லுங்கள்.