ஸ்கேனர் சொன்னதும் பாட்டில் சொன்னதும்

எங்க பிக்கப் வண்டி போன மாசம் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. காலைல செல்ஃப் நல்லா சுத்தும், இன்ஜின் பிடிக்காது. நாலஞ்சு தடவை சாவி போட்டாத்தான் பிடிக்கும். லோடோட மேடு ஏறினா இன்ஜின் லைட் எரியும், அதோட இழுவையும் போயிரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு நாள் விட்டு நாள் தக்காளி ஏத்துற நேரம். பறிச்ச தக்காளி வண்டி சரியாகற வரைக்கும் காத்திருக்குமா? வாடகை வண்டிக்குக் கொடுத்தே கையில இருந்தது கரைஞ்சுது.

டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் மாட்டினாங்க. பி0087னு வந்துச்சு. ரெயில்ல டீசல் அழுத்தம் கம்மின்னு அர்த்தம். பம்பு, நாலு இன்ஜெக்டர் எல்லாத்தையும் மாத்தணும், ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்னாங்க. அது எனக்கு ஒரு வெள்ளாமைக் காசு.

இந்த ரெயில்ங்கிறது கெட்டியான ஒரு இரும்புக் குழாய். பம்பு அதுக்குள்ள டீசலை அழுத்தி வைக்கும். ஓட்டத்துல 1,600 பார் வரைக்கும் போகும். கார் டயர்ல இருக்கிறது ரெண்டு, ரெண்டரை பார்தான். எந்த இன்ஜெக்டர் எப்பத் திறக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். ஸ்டார்ட் ஆகறதுக்கே 200 பாருக்கு மேல வேணும்; இல்லைன்னா அது இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது.

தோட்டத்துத் தொட்டி நிறையலைன்னா மோட்டார் பழுதுன்னு நாம உடனே முடிவு பண்றோமா? ஃபுட்வால்வு காத்து இழுக்கலாம், பைப்பு எங்கயாவது ஒழுகலாம். தொட்டி நிறையலைங்கிறதை மட்டும்தான் ஸ்கேனர் சொல்லுது.

பக்கத்து ஊர்ல பம்பு வேலை பாக்கற தம்பி ஒருத்தர் இருக்காரு. "மாமா, ஒரு பொருளும் வாங்காதீங்க, முதல்ல பாத்துருவோம்"னாரு. ஃபில்டர் அடில இருந்து டீசலைக் கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு வச்சாரு. தண்ணி அடில தங்கல. பம்புக்குப் போற ஓஸ்ல கண்ணாடி டியூப் சொருகிப் பாத்தாரு, காத்துக் குமிழும் இல்ல. அப்புறம் சென்சார் ஒயரு. எங்க ஊர்ப்பக்கம் எலி கடிச்சே பாதி வண்டி நிக்கும். மூணு ஒயர்ல ஒண்ணுல 5 வோல்ட் வந்துச்சு, சிக்னல் ஒயர்ல அரை வோல்ட். சரியா இருக்குன்னாரு.

கடைசியாத்தான் பாட்டில். நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் ஓஸையும் கழட்டி, ஆளுக்கொரு தண்ணி பாட்டில்ல டியூபு விட்டு, வண்டியை ஐடில்ல ஓட விட்டாரு. மூணாவது பாட்டில் கழுத்து வரைக்கும் வந்துருச்சு. மத்ததுல ரெண்டு விரக்கடை கூட இல்ல. உள்ள இருக்கிற வால்வு தேஞ்சு, பம்பு அனுப்புற டீசலெல்லாம் அந்த வழியா டேங்குக்கே திரும்பிப் போயிருக்கு. அப்புறம் அழுத்தம் எங்க ஏறும்?

இதுல ஒண்ணு சொல்லணும். பழைய இன்ஜின்ல ஓடறப்பவே ஒவ்வொரு பைப்பு நட்டா லூஸ் பண்ணி, எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு கண்டுபிடிப்போம். இதுல அந்த வேலையே கூடாது. அந்த வேகத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். வெளிய சின்னப் புள்ளியாத்தான் தெரியும், ஆனா கையையே எடுக்க வேண்டி வரலாம்.

ஒரு இன்ஜெக்டர் மட்டும் புதுசு போட்டோம். செப்பு வாஷரும் புதுசு. இன்ஜெக்டர் தலையில எழுத்தும் எண்ணுமா ஒரு கோடு இருக்கு. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாத்தான் அதுக்குத் தக்கபடி டீசல் அளக்குமாம். கூலியோட 17,000 ஆச்சு. பம்பு அதே பழைய பம்புதான். சாவி போட்டதும் ஸ்கேனர்ல 300 பார் தாண்டுச்சு, வண்டி ஒரே சுத்துல பிடிச்சுது.

பழைய இன்ஜெக்டரைக் கேட்டு வாங்கிட்டு வந்து ஜன்னல்ல வச்சிருக்கேன். எப்படித் திருப்பிப் பாத்தாலும் வெளிய ஒரு குறையும் தெரியல.