14-இல் ஒரு கூர்முனை

செவ்வாய், நள்ளிரவு

புது தில்லி பெல்லட்ரான் துகள் முடுக்கியில் எங்களுக்குக் கிடைத்த பீம் டைமின் முதல் ராத்திரி. செங்குத்தாக நிற்கும் தொட்டியின் உச்சியிலிருந்து எதிர்மின் ஆக்சிஜன் அயனி இறங்குகிறது. நடுவிலுள்ள சுமார் 11 மில்லியன் வோல்ட் முனையில் மெல்லிய கார்பன் தாளைத் துளைத்து, எலக்ட்ரான்களை உதிர்த்து நேர்மின்னாகிறது. அதே வோல்ட் மறுபடி கீழே விரட்டுகிறது. எங்களிடம் வரும்போது 80 மெகா எலக்ட்ரான் வோல்ட், ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் வேலை, வெற்றிட அறைக்குள் ஊசி வழியே கார்பன் மோனாக்சைடைக் கசியவிட்டு அதன் குறுக்கே இந்தக் கற்றையை அனுப்புவது.

புதன், விடிகாலை 3.20

"தீதி, இடிச்ச வேகத்துலயே உடைஞ்சிடுதா?" என்று கேட்டான் ஷிஃப்டில் கூட இருக்கும் பையன். இல்லை. அயனி மூலக்கூறைக் கடந்துபோக ஆகும் நேரம் சுமார் 4 அட்டோ வினாடி. கார்பனும் ஆக்சிஜனும் ஒருமுறை அதிர்ந்து வரவே அதைப்போல நாலாயிரம் மடங்கு நேரம் வேண்டும். அயனி போன பிறகும் இரண்டு அணுக்கருக்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் காணோம். 1.13 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இரண்டு நேர்மின்னேற்றங்கள். கணக்குப் போட்டால் 12.7 எலக்ட்ரான் வோல்ட். அந்த விலக்குவிசைதான் பிய்த்தெறிகிறது. கூலூம் வெடிப்பு என்று பெயர்.

துண்டுகளை ஒரு மின்புலம் உணர்கருவிக்கு இழுக்கிறது; வந்துசேரும் நேரத்திலிருந்து, நிறையை மின்னேற்றத்தால் வகுத்த எண் கிடைக்கும். திரையில் 12-இல் கார்பன், 16-இல் ஆக்சிஜன். இரண்டும் பருத்த மேடுகள். உணர்கருவிப் பக்கம் எறியப்பட்ட துண்டு முந்தி வரும். எதிர்ப்பக்கம் போனதை மின்புலம் திருப்பிக் கொண்டுவருவதற்குள் தாமதமாகும். மேட்டின் அகலமே வெடிப்பின் வேகம்.

நடுவே 14-இல் ஊசிபோல ஒன்று.

புதன் இரவு

காலை முழுக்க அதைப் பற்றியே விவாதம். நிறை 28, மின்னேற்றம் 2 என்றால் 14 வரும். ஆனால் அறையில் மிச்சமிருக்கும் நைட்ரஜனும் அதே இடத்தில்தான் விழும். வாயு வால்வை மூடிவிட்டு, கற்றையை மட்டும் ஓடவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தோம். ஊசி அடங்கியது. திறந்ததும் எழுந்தது.

அப்படியானால் அது முழுக் கார்பன் மோனாக்சைடேதான். இரண்டு எலக்ட்ரான்களை இழந்தும் உடையாமல், மைக்ரோ வினாடிகள் பறந்து வந்து சேர்ந்திருக்கிறது. மீதி எலக்ட்ரான்கள் இன்னும் பிணைத்து வைத்திருக்கின்றன. விலக்குவிசையின் சரிவில் ஓர் ஆழமற்ற பள்ளம், அதில் தங்கிவிட்டது. படித்துத் தெரிந்ததுதான். கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. என் 12.7-உம் அவ்வளவு எளிதில் நிற்காது: எந்த எலக்ட்ரான் நிலையிலிருந்து உடைகிறதோ, அதற்கேற்ப ஆற்றல் மாறும்.

வெள்ளி

கற்றையை நிறுத்திவிட்டார்கள். ஒரே மோதலில் வந்த இரு துண்டுகளின் நேரங்களை ஒன்றுக்கெதிர் ஒன்றாக வரைந்தேன். கார்பனும் ஆக்சிஜனும் சம உந்தத்தோடு எதிரெதிரே போவதால், ஒன்று முந்திய அளவுக்கு மற்றது பிந்துகிறது. புள்ளிகள் சாய்கோடாக விழுந்திருக்கின்றன. 14 அந்தப் படத்தில் இல்லை. அதற்கு ஜோடித் துண்டு கிடையாதே. அதன் வரைபடத்தைத் தனியாக அச்செடுத்து, நோட்டின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.