பொகை, ஹொகெ, ஒகே

ஒகேனக்கல்னா உங்களுக்கு பரிசலும் மீன் வறுவலும் ஞாபகம் வரும். எனக்கு எங்க அஜ்ஜி. பென்னாகரம் பக்கம் எங்க ஊர். வீட்ல கன்னடம், தெருவுல தமிழ். அருவிச் சாரல் புகை மாதிரி எழும்பறதால ‘ஹொகெ’, ‘கல்’ சேர்ந்து அந்தப் பேருன்னு அஜ்ஜிதான் சொல்லிக் குடுத்துச்சு.

புகையை நாம பேச்சுல ‘பொகை’ன்னுதானே சொல்றோம்? அந்த ‘ப’ கன்னடத்துல ‘ஹ’ ஆயிடுச்சு. பால் - ஹாலு, பல்லு - ஹல்லு, புலி - ஹுலி. ஒண்ணு ரெண்டு வார்த்தை இல்லீங்க, கும்பலா மாறியிருக்கு. 10ஆம் நூற்றாண்டு வாக்குல ஆரம்பிச்சு 14ஆம் நூற்றாண்டு வாக்குல முடிஞ்சதுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. அப்புறம் தமிழ் வாய்க்கு வந்து ‘ஹ’வும் உதிர்ந்து ‘ஒகே’. எங்க மாவட்டத்துல நல்லம்பள்ளியும் இருக்கு, மாரண்டஹள்ளியும் இருக்கு. ரெண்டாவது ஊரையே ‘மாரண்டஅள்ளி’ன்னும் எழுதுவாங்க. பள்ளி, ஹள்ளி, அள்ளி!

பொட்டி தட்டறவனுக்கு கை சும்மா இருக்குமா? ஒரு சனி, ஞாயிறு உக்காந்து பைத்தான்ல புரோகிராம் எழுதினேன். ஐடியா சொந்தச் சரக்கு இல்லை. ஜேனட் பியர்ஹம்பர்ட்ங்கற மொழியியல் அறிஞர் 2001ல் எழுதினதை ஒட்டினது. கம்ப்யூட்டருக்குள்ள 200 பேர் இருக்கற ஒரு ஊர். ஒவ்வொருத்தர் மண்டையிலயும் அவங்க கேட்ட ‘ப’ எல்லாம் எண்களா கிடக்கும். உதடு முழுசா மூடினா 0, வெறும் காத்து வந்தா 1. பேசறவர் அதுல ஒண்ணை எடுத்து, உதட்டுச் சோம்பேறித்தனத்துல துளி தளர்த்திச் சொல்வார். கேக்கறவர் அதைச் சேத்துக்குவார், பழசை மறந்துடுவார். அவ்ளோதான்.

ஓட விட்டேன். யாரும் திட்டம் போடலை, யாரும் வேணும்னு மாத்திப் பேசலை. ஆனா ஊரே மெல்ல மெல்ல 1 பக்கம் நகர்ந்துடுச்சு. எனக்கு ஒரே குஷி.

அப்பதான் இடிச்சுது. தமிழனுக்கும் அதே உதடுதானே? இங்க ஏன் பால் பாலாவே இருக்கு? ரெண்டு ஊர் வெச்சுப் பார்த்தேன், ரெண்டும் மாறிடுது. மாற்றம் ஏன் இங்க, இப்போ ஆரம்பிக்குது, அங்க ஏன் இல்லைன்னு 1968லயே வைன்ரைக், லபோவ், ஹெர்சாக் மூணு பேரும் கேட்டு வெச்சிருக்காங்க. இன்னும் முழு விடை கிடையாது.

சரின்னு இன்னொண்ணு சேத்தேன்: யார் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புன்னு ஒரு எண். ஊர்ல மதிப்புள்ள சிலர் பழைய ‘ப’வை விடாம பிடிச்சா மத்தவங்களும் நின்னுடறாங்க. கன்னடத்துலயும் தமிழ்லயும் இதுதான் நடந்துச்சுன்னு சொல்ல வரலை. இப்படியும் நடக்கலாம், அவ்வளவுதான்.

ஆனா அந்த எண்ணைப் பார்த்ததும் சுருக்குனு இருந்துச்சு. காலேஜ் ஹாஸ்டல்ல முதல் வாரம் வாய் தவறி ‘ஹாலு’ன்னுட்டேன். மெஸ்ஸே சிரிச்சுது. அன்னையிலிருந்து அஜ்ஜி கன்னடத்துல கேட்டாலும் நான் தமிழ்லதான் பதில் சொல்வேன். பத்து வருஷமாச்சு. மெஸ்ஸுல சிரிச்சவங்களுக்கு முழு மதிப்பு, அஜ்ஜிக்கு பூஜ்யம். என் புரோகிராம்ல வாய் திறக்காதவன் ஒலி யார் மண்டையிலயும் சேராது.

நேத்து ராத்திரி போன் போட்டேன். “அஜ்ஜி, ஊட்டா ஆயித்தா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ஆயித்தப்பா. நீனு ஹாலு குடித்யா?”

‘குடிதே’ன்னு சொல்றதுக்குள்ள நாக்கு ரெண்டு தடவை தடுக்குச்சு.