உள்தள்ளலைப் பார்க்கும் கண்

பைத்தான் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் லேபின் கடைசி வரிசையில் உட்காரவைப்பேன். புரொஜெக்டர் திரையில் ஒரு வரியைக் காட்டி, அது எத்தனை ஸ்பேஸ் உள்ளே தள்ளியிருக்கிறது என்று கேட்பேன். மூன்றா நான்கா என்று அங்கிருந்து தெரியாவிட்டால் பாடம் தொடங்கிப் பயனில்லை. கருப்புப் பின்னணி நம் கண்ணுக்கு இதம்தான். ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில் அது சாம்பலாகிவிடும். வெள்ளைப் பின்னணி வையுங்கள். எழுத்தளவு 24-க்குக் குறைய வேண்டாம். கன்சோலாஸ் மாதிரி எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் ஃபான்ட் வேண்டும். வேர்ட் ராப்பை அணைத்துவிடுங்கள். மடங்கி விழுந்த பாதியைப் பிள்ளைகள் தனி வரியென்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

புதிதாகப் படிப்பவருக்கு ஸ்பேஸ் என்றால் ஒன்றுமில்லாத இடம். அதையும் தட்டித்தான் போட்டோம், ஃபைலில் அதற்கும் ஒரு பைட் உண்டு என்பது மனத்தில் ஏற நாளாகும். டர்போ சி-யின் நீலத் திரையில் பழகி வருபவருக்கு இன்னும் கஷ்டம். அங்கே பிளாக்கைக் கட்டிக்காப்பது கர்லி பிராக்கெட். உள்தள்ளல் படிப்பவர் வசதிக்கு மட்டும். கைடோ வான் ராஸம் ஏபிசி மொழியின் வழியைப் பின்பற்றி, பைத்தானில் உள்தள்ளலையே இலக்கணமாக்கிவிட்டார்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சார் கோபோல் காலத்து மனிதர். கோடிங் ஷீட்டில் 8 முதல் 11 வரை ஏ பகுதி, 12 முதல் 72 வரை பி பகுதி என்று கட்டம் பார்த்துப் பென்சிலால் எழுதிய கை. எங்கள் பிரிண்ட் அவுட்டை வாங்கியதும் படிக்கமாட்டார். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு ஃபாரின் முதல் எழுத்திலிருந்தும் நேராகக் கீழே கோடு இழுப்பார். கோடு எந்த வரியின் எழுத்தில் இடிக்கிறதோ, அதற்கு முன்பே பிளாக் முடிந்தது. "பாரும்மா, இங்க இடிக்குது. உன் லூப் இதுக்கு மேலயே முடிஞ்சுபோச்சு" என்பார். அவ்வளவுதான் அவர் திருத்தம். இன்றைய எடிட்டர்கள் அந்தக் கோட்டைத் தாமே மங்கலாகப் போட்டுத் தருகின்றன. முதல் மாதம் நான் அதை அணைத்துவிட்டு, பிள்ளைகள் கையில் ஸ்கேலைக் கொடுக்கிறேன்.

முதல் நாளே ஆன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: விஎஸ் கோடில் ரெண்டர் வைட்ஸ்பேஸ். அதை 'ஆல்' என்று வைத்தால் ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். இது அணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மாணவி வந்து, "மிஸ், எல்லா வரியும் நேராத்தான் இருக்கு, டேப் எரர் வருது" என்றாள். நேராகத்தான் இருந்தது. தோழியிடம் வாங்கி ஒட்டிய வரியில் டேப், மற்ற வரிகளில் நான்கு ஸ்பேஸ். எடிட்டர் டேப்பை நான்கு கட்ட அகலத்தில் காட்டிக்கொண்டிருந்தது. அதே ஃபைலை நோட்பேடில் திறந்தேன். அந்த வரி மட்டும் எட்டுக் கட்டம் தள்ளி நின்றது. "ரெண்டும் ஒரே ஃபைல்தானா மிஸ்?" என்று கேட்டாள். அன்றோடு டேப் என்றால் என்னவென்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெப் 8 சொல்வது நான்கு ஸ்பேஸ், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். திரையின் கீழே வலப்பக்கம் 'ஸ்பேசஸ்: 4' இருக்கிறதா என்று பார்த்த பிறகே தட்டத் தொடங்க வேண்டும்.

ஐடில் ஷெல்லில் வேறொரு வில்லங்கம். 3.10-க்கு முந்தைய பதிப்புகளில் மூன்று அம்புக்குறி பிராம்ப்ட் வரியோடு சேர்ந்தே நிற்கும். அதனால் இஃப் நான்கு கட்டம் தள்ளித் தெரியும். எல்ஸ் மட்டும் இடது ஓரத்தில் தொடங்கவேண்டும். கண்ணை நம்பி எல்ஸை இஃப்புக்கு நேர்கீழே வைக்கும் பிள்ளைக்கு எரர் விழும். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். அது சரியாகத்தான் பார்த்தது. பழைய பதிப்பு உள்ள லேபில் இஃப், எல்ஸை ஷெல்லில் நடத்தவே வேண்டாம், ஃபைல் திறந்து எழுதவையுங்கள்.

எரர் வந்தாலாவது தேடத் தொடங்கலாம். எரரே வராத தப்புதான் பிள்ளைகளை வதைக்கும். 78, 65, 90, 82, 71 என்று ஐந்து மார்க்கைக் கூட்டும் ஃபங்ஷனில் ரிட்டர்ன் வரி ஃபாருக்குள் போய் நின்றால், புரோகிராம் ஓடும், 78 என்று விடையும் தரும். மாணவர் கூட்டல் குறியைச் சந்தேகப்படுவார், வேரியபிள் பெயரைச் சந்தேகப்படுவார், வரிக்கு முன்னாலிருக்கும் இடத்தைச் சந்தேகப்படமாட்டார். நான் திருத்திக் கொடுப்பதில்லை. "ஷிஃப்ட் டேப் ஒரு தடவை அடி, ஓட்டு" என்பேன். 386 வரும். "இன்னொரு தடவை அடி" என்பேன். ரிட்டர்ன் ஃபங்ஷனுக்கு வெளியே வந்துவிட்டதென்று எரர் வரும். ஓர் எழுத்துகூட மாறாத அதே வரி, மூன்று இடம், மூன்று பலன். இந்த ஒரு பயிற்சிக்கு முழு வகுப்பையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிராக்கெட் உள்ள மொழியில் இந்தத் தொல்லை இல்லை என்பவர்களும் உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பிழை சி மொழியில்தான் இருந்தது. பிராக்கெட் போடாத ஓர் இஃப்புக்குக் கீழே 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி இரண்டு முறை. இரண்டாவதும் உள்ளே தள்ளியிருந்ததால் இஃப்பைச் சேர்ந்ததாகத் தோன்றியது. உண்மையில் நிபந்தனை எதுவானாலும் ஓடி, பாதுகாப்பு இணைப்பின் கையொப்பச் சோதனையைத் தாண்டவைத்தது. 2016-இல் வந்த ஜிசிசி 6, இப்படி ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்றே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது.

கமெண்டைத் தமிழில் எழுதவிடுங்கள், தனி வரியில். தமிழ் எழுத்துகள் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. வரிக் கடைசியில் எழுதினால் கமெண்டின் எழுத்துகள் மேல் கீழ் வரிகளின் எழுத்துகளோடு நேராக நிற்காது.

சேவ் செய்ததும் வரிகளை ஒழுங்குபடுத்தும் பிளாக் (Black) போன்ற ஃபார்மேட்டர்களைச் சிலர் முதல் வாரமே போட்டுக்கொடுக்கிறார்கள். ரிட்டர்ன் எந்த பிளாக்கைச் சேர்ந்தது என்பதை அது முடிவு செய்து தராது. தப்பான இடத்திலேயே அழகாக வைத்துவிடும். நான் அதை இரண்டாம் பருவத்தில்தான் திறந்துவிடுகிறேன், புள்ளிகளையும் அம்புகளையும் அணைக்கச் சொல்லும் அதே வாரத்தில்.