பெரட்டுக்கு நேரமாச்சு

பாட்டி 11 விநாடியில் முடித்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழ வேண்டும், 3 மீட்டர் நடக்க வேண்டும், திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991இல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் கனடாவிலிருந்து வெளியிட்ட சோதனை இது. ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும் என்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு.

"பாட்டி, நீங்க பாஸ்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து, விடியும் முன்னே, குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. இடுப்பு தப்பியது.

ஷா ஆலாமிலிருந்து வந்த பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உன் மெஷின் நல்லா இருக்காங்கன்னுதானே சொன்னுச்சு?"

அந்த மெஷின் என் கடைசி வருடப் பல்கலைக்கழக ப்ராஜெக்ட். எம்பியூ-6050 என்ற சின்ன சென்சார், ஒரு ஈஎஸ்பி32 போர்டு, பேட்டரி, இடுப்பு பெல்ட். சென்சாரின் விலை ஈப்போவில் இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிடும் காசுக்குள் அடங்கும். முதுகின் கீழ்ப்பகுதியில் கட்டிவிட்டால் விநாடிக்கு 100 தடவை அசைவை அளக்கும். ஆடாமல் நின்றாலும் ஓர் அச்சில் 9.8 என்று காட்டிக்கொண்டே இருக்கும், அது புவியீர்ப்பு. குதிகால் தரையில் படும்போதெல்லாம் வரைபடத்தில் ஒரு முள் எழும். ஒரே காலின் இரண்டு முட்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். சராசரி அவ்வளவு முக்கியமில்லை, அது அடிக்கு அடி எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முக்கியம். அந்த மாறுபாடு அதிகமுள்ள முதியவர்கள் அடுத்த ஒரு வருடத்தில் அதிகம் விழுந்தார்கள் என்று ஹவுஸ்டார்ஃப் குழுவினர் 2001இல் எழுதினார்கள்.

என் ப்ராஜெக்டில் நடந்தவர்கள் ஹாஸ்டல் நண்பர்கள். கிழவர் மாதிரி நடந்து காட்டினார்கள், நான் அளந்தேன், நல்ல மார்க் வாங்கினேன். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நான் அளந்த முதல் நிஜக் கிழவி என் பாட்டிதான். சுங்கை சிப்புட் என்றால் 1948இல் துரைமாரைச் சுட்ட கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். பாட்டி அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அவர் பேசுவதெல்லாம் நிரையைப் பற்றித்தான். நெற்றியில் விளக்கு, காலடியில் வேர், மேடும் பள்ளமும். மரம் வெட்டி முடித்துப் பால் எடுத்ததும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் வாளி. கால் அகட்டி வீசி நடந்தால் வாளி ஆடும், பால் சிந்தும், நிறுக்கும்போது கிராணியின் கணக்கில் குறையும். அதனால் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக, வேகமாக நடப்பது. நாற்பது வருடம் அப்படி நடந்தவர் தோளில் காண்டா இல்லாமலும் அப்படித்தான் நடக்கிறார். (நாசி கண்டாரின் கண்டாரும் அந்தக் கம்புதான். அது கடைப் பெயராகிவிட்டது, இது முதுகுவலியாகிவிட்டது.)

என் புரோகிராம் அந்த நடையைப் பார்த்தவுடன் சிவப்புக் காட்டியது. குறுகிய அடி என்றால் அபாயம் என்று நான்தான் எழுதியிருந்தேன். பாட்டியின் நடை அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், ஆகவே அந்தச் சிவப்பை ஒதுக்கிவிட்டு 11 விநாடியை நம்பினேன். சிவப்பும் தப்பு, 11உம் தப்பு.

மலாயாப் பல்கலைக்கழகத்தார் கோலாலம்பூர் வட்டாரத்தில் 55 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வந்தது. இந்தியர்களிடையே விழுவது அதிகம், நீரிழிவு, தலைசுற்றல் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் முழுதும் போகவில்லை என்றது. எல்லாரும் நகரவாசிகள். தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த கால்களைத் தனியாக யாராவது அளந்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசை.

11 விநாடி எப்படி வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மத்தியான வெளிச்சம், பேரன் கடிகாரத்தோடு நிற்கிறான். பாட்டி தலையை நிமிர்த்தி, பெரட்டில் கங்காணி முன் நிற்பது போல நின்று, நடந்து காட்டினார். யாராவது பார்த்தால் எல்லாரும் நன்றாகத்தான் நடக்கிறோம்.

கை கூடியபின் ஒரு வாரம் இரவும் பகலும் பெல்ட்டைக் கட்டியிருக்கச் சொன்னேன்.

"தூங்கும்போதும் கழட்டக் கூடாதா? தாலிக்கு அப்புறம் இதைத்தான் இப்படிக் கட்டியிருக்கேன்."

ஒரு வாரத்துத் தரவை ஈப்போவில் என் வாடகை அறையில் திறந்தேன். ஏழு நாளும் அதிகாலை 3:50க்கும் 4:00க்கும் நடுவில் எழுந்திருக்கிறார். முதல் ஐந்தாறு அடிகள் மட்டும் கோணல்மாணல். ஓர் அடி நீளும், அடுத்தது அவசரப்படும், உடம்பு பக்கவாட்டில் ஆடும். சமையலறை போய்ச் சேர்வதற்குள் பழைய காண்டா நடை வந்துவிடும்.

"நாலு மணிக்கு ஏன் பாட்டி எழும்புறீங்க?"

"நானா எழும்புறேன்? பெரட்டுக்கு நேரமாச்சுன்னு உடம்பு எழும்பிடுது."

தோட்டம் செம்பனையாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

கிளினிக்கில் மிஸ்ஸி படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், உடனே நிற்க வைத்துப் பார்த்தார். மேல் எண் 20க்கும் அதிகமாக இறங்கியது. இரவில் போடும் பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றினார், எழுந்ததும் சில நிமிடம் கட்டிலிலேயே உட்காரச் சொன்னார். அதைக் கண்டுபிடிக்க என் சென்சார் வேண்டியதே இல்லை, அழுத்தம் பார்க்கும் பட்டை போதும். ஆனால் யாரும் அவரைப் படுக்க வைத்துப் பார்த்ததில்லை, நானும்தான்.

இதோடு முடிந்திருந்தால் பெரியப்பாவுக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும். அந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது. பிற்பகல் 2:14, ஒரு பெரிய முள். அதற்குப் பிறகு 9.8 வேறோர் அச்சுக்குப் போய்விட்டது, அதாவது உடம்பு படுத்த நிலையில். நான்கு நிமிடம் அசைவு அதிகமில்லை. பிறகு எழுந்து நடந்திருக்கிறார்.

கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பின்னால கால்வாய்கிட்ட பாசி. வழுக்கிடுச்சு. பெரியப்பாகிட்ட சொல்லாத சாமி. ஷா ஆலாமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். பதினோராவது மாடி. அங்க எனக்கு யாரத் தெரியும்?"

சனிக்கிழமை பாசியைத் தேய்த்துக் கழுவினேன், சிமெண்டைச் சொரசொரப்பாக்கினேன். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, கட்டில் பக்கம் ராவிளக்கு. பெரியப்பாவின் வாட்ஸாப் வந்தது: "ரிப்போர்ட் அனுப்பு." ஆறு நாள் வரைபடத்தை அனுப்பினேன். ஏழாவது என் மடிக்கணினியில் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, அம்மாவைப் பற்றிய பயம்தான் அவருக்கு. நாளைக்கு அதே இடத்தில் இடுப்பு உடைந்தால் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவேன் என்று தெரியவில்லை. பாட்டியைக் கேட்காமல் அனுப்பவும் மனம் வரவில்லை.

இப்போது என் கைப்பேசியில் 3:50க்கு அலாரம். எழுந்து பாட்டிக்கு அழைக்கிறேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறார்.

"உட்கார்ந்துதான்பா இருக்கேன். இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகல. நீ படு, உனக்கு வேலைக்குப் போகணும்."