வெலிங்டன் என்கிற பெயர்

குன்னூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

 

இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் சைக்கிளில் போனபோது வெலிங்டன் டியூக்கின் மாளிகையைப் பார்த்ததாகவும், குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷனான நம் வெலிங்டனுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்டிருந்தாய். உண்டு. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அந்த டியூக்கின் பெயர் ஆர்தர் வெல்லஸ்லி. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நிர்வகித்தவர். 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அசாயேயில் சிந்தியா, போன்ஸ்லே படைகளை வென்றார். அவர் படையில் மதராஸ் சிப்பாய்கள் ஏராளம். அவர் தரப்பில் இறந்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் ஆயிரத்தைந்நூறுக்கு மேல். தாம் நடத்திய போர்களில் சிறந்தது எது என்று கேட்டவர்களிடம், வயதான காலத்தில் வாட்டர்லூவை விட்டுவிட்டு அசாயேயைத்தான் சொன்னாராம். ஆனால் அதையொட்டிக் கிடைத்தது 'சர்' பட்டம். அவர் ஆயுளோடு முடிகிற கௌரவம்.

பரம்பரைப் பட்டம் வந்தது 1809இல், ஸ்பெயினில் தலவேரா என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையை வென்றதற்கு. பட்டத்தோடு சேர்க்க ஓர் ஊர்ப்பெயர் வேண்டும். அவரோ போர்முனையில். இங்கிலாந்தில் இருந்த அண்ணன் வில்லியம், கிட்டத்தட்ட 'வெல்லஸ்லி' போலவே ஒலிக்கிறதே என்று சாமர்செட்டில் உள்ள வெலிங்டன் ஊரைத் தேர்ந்துவிட்டார். விஸ்கவுன்ட்டாகத் தொடங்கியவர் 1812இல் ஏர்ல், அதே ஆண்டில் மார்க்வெஸ், 1814இல் டியூக். ஐந்து வருடத்தில் ஏணியின் உச்சி! அதற்கு மேல் படி இல்லை என்பதால், 1815இல் வாட்டர்லூவில் வென்றபோது இங்கிலாந்தால் பட்டத்தை உயர்த்த முடியவில்லை, பணம்தான் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் 1817இல் வாங்கியதுதான் நீ பார்த்த ஸ்ட்ராட்ஃபீல்ட் சே எஸ்டேட். அதற்கு வாடகை என்ன தெரியுமா? ஆண்டுதோறும் வாட்டர்லூ நாளான ஜூன் 18இல் வின்ட்சர் கோட்டையில் அரசருக்கு ஒரு பிரெஞ்சு மூவர்ணக் கொடி. 

பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டும் போகும். 1943இல் ஆறாவது டியூக் இத்தாலியில் சலர்னோ போரில் இறந்தார். மணமாகாதவர்; பட்டம் சித்தப்பாவுக்குப் போனது.

நம் வெலிங்டன் இருக்கும் இடத்துக்கு முன்பு ஜக்கதலா என்று பெயர். ராணுவக் குடியிருப்பு வந்தபின், டியூக்கின் நினைவாக அதற்கு வெலிங்டன் என்று பெயர் சூட்டினார்கள். சாமர்செட் ஊர்ப்பெயர் ஒரு மனிதர் தலையில் ஏறி, பிறகு நீலகிரியில் வந்து இறங்கியது.

சரி, அசாயேயில் விழுந்தார்களே சிப்பாய்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? எஸ்டேட் இல்லை, கொடி வாடகையும் இல்லை. அவர்கள் படைப்பிரிவுகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு யானைச் சின்னம் தந்தது, அவ்வளவுதான். அந்த யானை இன்றும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் இருக்கிறது. அந்த ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நம் வெலிங்டனில்தான். பட்டம் ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. யானையோ, படையில் சேரும் எந்த ஏழை வீட்டுப் பையனுக்கும் வந்து சேர்கிறது. எனக்கு யானைதான் பெரிது.

அந்த மாளிகையை உள்ளே போயும் பார்த்துவிட்டு வா. லீவுக்கு ஊர் வரும்போது, மையத்துப் பையன்கள் கடைவீதிப் பக்கம் வந்தால் அவர்கள் தொப்பியையும் ஒருமுறை பார்.

அன்புடன்,
மாமா