ஊவா மலையில் ஒரு பந்தயப் பாதை

பல நாள் நடைபெறும் துவிச்சக்கரவண்டிப் பந்தயத்தில் வீரரின் வலிமையைச் சோதிப்பது மலையேறும் நாளே. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் பந்தயம் 1910ஆம் ஆண்டில் பிரனீஸ் மலைத்தொடரிலுள்ள 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயைக் கடந்தபோது, இவ்வுண்மையை உலகம் கண்டது.

அத்தகைய நாளொன்றை நம் ஊவாவில் வகுப்பதானால் வழி எது? கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிற் புறப்பட்டு, ஹாலிஎல, பண்டாரவளை வழியாக, சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையை அடையலாம். தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். சராசரியாக நூறு மீற்றருக்கு இரண்டு மீற்றர் ஏற்றமும் இல்லை. இங்கே வல்லவரும் மெலிந்தவரும் ஒருங்கே செல்வர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அதற்கப்பாலுள்ள தோட்டத்துச் சாலையே.

லிப்டன் துரை 1890இல் அமைத்த தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து, லிப்டன் ஆசனம் என்னும் முகடுவரை, சுமார் 7 கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஏறுகிறது அந்த ஒடுங்கிய பாதை. முடிவெல்லையை அங்கே வைக்கலாம். பின்தொடரும் மோட்டார் வாகனங்களைத் தொழிற்சாலையருகே நிறுத்திவிட வேண்டும். நேரஞ் செல்லச் செல்ல மூடுபனி முகட்டை மறைப்பதால், முற்பகலிலேயே பந்தயம் முடிவதும் அவசியம்.

இன்னொன்றும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலைக்குச் செல்லும் பாதை அது. வேலைநாளில் அதனை மறித்தால் அவர்களின் கூலி குறையும். ஆதலால் தோட்டத்தின் ஓய்வுநாளையே தேர்ந்தெடுத்தல் நீதி. வீரர் மூச்சிரைக்க ஏறும் அந்த மேட்டில் அன்றாடம் சுமையுடன் நடப்பவர்கள், அன்றொரு நாளாவது பாதையோரம் நின்று பார்த்து மகிழட்டும்.